கட்டைவிரல் கணக்கு

மாலைநேரப் பாலிடெக்னிக்கில் ஆசிரியரைவிட மாணவருக்கு வயது கூடுதலாக இருப்பது சாதாரணம். பகலெல்லாம் பட்டறையில் நின்றவர்கள், கையில் கிரீஸ் வாடை போகாமலே வந்து பெஞ்சில் உட்காருவார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்புக்கு அஞ்சாத ஆட்கள். கரும்பலகையில் மூன்று எழுத்தைச் சேர்த்து ஒரு சூத்திரம் எழுதினால் மட்டும் அவர்களுக்கு முகம் வெளிறிவிடும். இந்தப் பக்கம் பெருக்கலாக இருந்தது அந்தப் பக்கம் போனதும் வகுத்தலாக மாறுவது அவர்களுக்கு ஏதோ ஏமாற்று வேலையாகப் பட்டது.

அப்படிப்பட்டவர்களுக்குப் பாடம் எடுத்தவர் வேதவல்லி. முன்வரிசையில் உட்கார்ந்த மாரப்பனைவிடப் பத்து வயது இளையவர். அவர் ஒரு நாள் சூத்திரத்தை அழித்துவிட்டு ஒரு முக்கோணம் வரைந்தார். மேலே ஓர் எழுத்து, கீழே அருகருகே இரண்டு.

"எது தெரியணுமோ அதைக் கட்டைவிரலால மூடுங்க. மூடாத ரெண்டும் விடை சொல்லும்" என்றார்.

மேலே உள்ளதை மூடினால் கீழே உள்ள இரண்டையும் பெருக்க வேண்டும். கீழே ஒன்றை மூடினால், மேலே உள்ளதைக் கீழே மிஞ்சியதால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான். வகுப்பே குழந்தைகள் மாதிரி விரலை வைத்து வைத்துப் பார்த்தது. மாரப்பனுக்கு அன்றைக்குத்தான் தானும் இந்தப் படிப்பை முடித்துவிடலாம் என்ற தைரியம் வந்தது. முடித்தும்விட்டார். பிறகு சொந்தமாக ஒரு பட்டறை போட்டார். கிணறு வெட்டும் கிரேன்களைப் பழுது பார்ப்பது, அவற்றுக்கு இரும்புக்கம்பி ரோப் மாட்டுவது அவர் தொழில். பட்டறைச் சுவரில் அந்த முக்கோணத்தைப் பெயிண்டில் எழுதி வைத்திருந்தார். வருகிறவர்கள் அது ஏதோ சாமி யந்திரம் என்று நினைத்தார்கள். அவரும் மறுத்துச் சொன்னதில்லை.

சில வருஷங்கள் கழித்து ஒரு நாள், வகுப்பு தொடங்க இன்னும் நேரம் இருக்கும்போது, மாரப்பன் வேதவல்லியைத் தேடி வந்தார். வேதவல்லி தனியாகக் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மாரப்பன். உக்காருங்க."

மாரப்பன் உட்காரவில்லை.

"எங்கணக்கு ஒண்ணு சரியான்னு நீங்க பாத்துச் சொல்லோணுமுங்க, மேடம்."

"என்ன கணக்கு?"

"ரோப்புக் கணக்குங்க. கல்லாங்காட்டுல கிணறு வெட்டுற கிரேனுக்குப் போட்டது. வையாபுரி அண்ணனோட கிரேனு."

"சரி."

"ரோப்பு அந்துபோச்சுங்க. கல்லோட பக்கெட்டு கீழ விழுந்துருச்சு. கீழ செங்கோடன்னு ஒருத்தரு அடுத்த நடைக்குக் கல்லு சேத்திட்டு நின்னுருக்காரு."

"இருக்காரா?"

"இல்லீங்க."

வேதவல்லி கையிலிருந்த டஸ்டரைக் கீழே வைத்தார்.

"கிரேன் ஓட்டுனவன் நடேசனுங்க. அவனை ஸ்டேஷன்ல உக்கார வெச்சிருக்கறாங்க. பக்கெட்டு மேல வரும்போது கிணத்துச் சுவத்துல ஒரு பாறை முட்டுல மாட்டிக்கிச்சாம். அவன் வெடுக்குனு இழுத்துட்டான். அதுல அந்துச்சுன்னு சொல்றாங்க."

"நடேசன் என்ன சொல்றார்?"



"ரோப்பு போதும்னு மாரப்பண்ணன்தான் சொன்னாரு, அவரையே கூப்பிட்டுக் கேளுங்கன்னு சொல்றானுங்க."

நடேசன் அவரை மாட்டிவிடுவதற்காக அதைச் சொல்லவில்லை. மாரப்பண்ணன் வந்து ஒரு வார்த்தை பேசினால் தன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நம்பித்தான் சொன்னான். மாரப்பனுக்கு அது தெரியும். தெரிந்ததனால்தான் நேராக ஸ்டேஷனுக்குப் போகாமல் இங்கே வந்து நிற்கிறார்.

"இன்ஸ்பெக்டர் வரச் சொல்லியிருக்கறாரு. ரோப்பா, ஆளா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கறாரு."

"உங்க கணக்கு சரின்னா?"

"ரோப்பு மேல தப்பில்லீங்க."

"ரோப்பு மேல தப்பில்லைன்னா?"

"அவன் கை மேலதான் தப்பு. உள்ள போட்டுருவாங்க."

"கணக்கு சரின்னு நான் சொல்லணுமா, தப்புன்னு சொல்லணுமா?"

மாரப்பன் தரையைப் பார்த்தார். "தெரியலீங்க, மேடம்."

வேதவல்லி பலகையில் முக்கோணத்தை வரைந்தார். பாடப்புத்தகத்தில் இங்கிலீஷ் எழுத்துகள் இருக்கும். அவர் எப்போதும் தமிழில்தான் எழுதுவார். மேலே 'அ'. அது ரோப் அறுந்துபோகும் எடை. கீழே 'ஏ'. அது ரோப்பில் ஏற்றும் எடை. அதன் பக்கத்தில் 'ம'. அது மடங்கு. ஏற்றும் எடையைப்போல எத்தனை மடங்கு ரோப் தாங்க வேண்டும் என்பதற்கு.

"போட்டுக் காட்டுங்க."

மாரப்பன் பலகைக்கு அருகே போனார்.

"ரோப்பு ஆறு டன்னுல அறுமுங்க. அது கடைக்காரன் குடுத்தது. வையாபுரி அண்ணன் புதுசா ஒரு பெரிய பக்கெட்டு செஞ்சாரு. கல்லோட ஒன்றரை டன். தெரியாதது இது."

அவர் 'ம'வின் மேல் கட்டைவிரலை வைத்தார்.

"ஆறை ஒன்றரையால வகுத்தா நாலு."

"நாலுதான். கணக்கு சரி."

மாரப்பனிடமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அது நிம்மதியா, பயமா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. அவர் விரலை எடுத்தபோது வியர்வையில் 'ம' பாதி விரலோடு வந்துவிட்டது. வேதவல்லி அதை மறுபடி எழுதினார்.

"பழைய பக்கெட் எவ்வளவு?"

"கல்லோட ஒரு டன்னுங்க."

"அப்ப மடங்கு?"

"ஆறுங்க."

"கல் தூக்குற ரோப்புக்கு நான் எவ்வளவு சொல்லிக்குடுத்தேன்?"

"ஆறுங்க."

"பக்கெட் பெருசாச்சு. மடங்கு ஆறு. இப்ப எதை மூடணும்?"

மாரப்பனின் விரல் தயங்கித் தயங்கி மேலே போனது.

"'அ'வை மூடோணும். ஒன்றரையை ஆறால பெருக்கோணும். ஒம்போது. ஒம்போது டன் ரோப்பு வேணுமுங்க."

"ஏன் அதை மூடல?"

"ரோப்பு கிரேன்லயே கெடந்துச்சுங்க. பக்கெட்டைக் கொண்டாந்து முன்னால வெச்சுட்டாரு. ரெண்டும் தெரிஞ்சுபோச்சு. மிச்சம் மடங்கு ஒண்ணுதான். தெரியாததைத்தானுங்களே மூடோணும்?"

"மடங்கு உங்களுக்குத் தெரியாதா?"

மாரப்பன் 'அ'விலிருந்து விரலை எடுத்தார்.

"நாலு வந்துச்சு. வையாபுரிகிட்ட என்ன சொன்னீங்க?"

"நாலு மடங்கு தாங்கும்னு சொன்னேனுங்க."

"அவர் என்ன சொன்னார்?"

"சிரிச்சாரு. ஒரு மடங்கு போதாதா, நாலு எதுக்குன்னாரு."

"நடேசன்?"



"அவனுக்கு மனசு ஒப்பலீங்க. ரோப்பைக் கையில தடவிப் பாத்துட்டு, போதுமாண்ணேன்னு கேட்டான். போதும்னேன். போயிட்டுத் திரும்பி வந்து மறுக்காக் கேட்டான். நாலு மடங்குடா, நீ தூங்கிட்டே ஓட்டலாம்னேன்."

"ஆறுல நாலு போக மிச்சம்?"

"ரெண்டுங்க."

"அந்த ரெண்டு எங்க?"

மாரப்பனுக்குக் கேள்வி விளங்கவில்லை. விளங்காத மாணவன் முழிக்கிற மாதிரியே முழித்தார்.

"அன்னைக்கு வகுப்புல ஒருத்தர் எந்திரிச்சுக் கேட்டார். ஆறு டன் தாங்குற ரோப்புல ஆறு டன் தூக்க வேண்டியதுதானே, நடுவுல இந்த மடங்கு எதுக்குன்னு. யாரு அது?"

"நானுங்க."

"நான் என்ன சொன்னேன்?"

மாரப்பன் தன்னை அறியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பரீட்சையில் இதே கேள்வி வந்து முழு மதிப்பெண் வாங்கியவர் அவர். ஒப்பிக்கத் தொடங்கினார்.

"ரோப்பு துருப்புடிக்கும். உருளையில வளைஞ்சு வளைஞ்சு உள்கம்பி விட்டுப்போகும். ஏத்தற எடையை ஆரும் சரியாப் போட மாட்டாங்க. தூக்குறது எங்கயாச்சும் மாட்டிக்கும். மாட்டுனா…"

நின்றுவிட்டார்.

"சொல்லுங்க."

"மாட்டுனா, ஓட்டுறவன் பயத்துல வெடுக்குனு இழுப்பான்."

வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் யாரோ வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டது. மாரப்பன் பலகையிலிருந்து இரண்டடி பின்னால் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் உட்கார்ந்தார்.

"அவன் கைக்குன்னு வெச்சிருந்த அந்த ரெண்டை நாந்தானுங்க மேடம் எடுத்துப் பக்கெட்டுக்குக் குடுத்துப்போட்டேன்."



மாரப்பனின் போன் அடித்தது. வையாபுரி. அந்த வெற்று வகுப்பறையில் அவர் பேசுவது வேதவல்லிக்கும் தெளிவாகக் கேட்டது.

"மாரப்பா, கெளம்பிட்டயா? ரோப்பு நல்ல ரோப்புன்னு ரெண்டே வார்த்தை சொல்லு, போதும். செங்கோடன் ஊட்டுக்கு நான் பண்ண வேண்டியதைப் பண்ணிக்கறேன். நடேசனும் நம்ம பையந்தான். கொஞ்ச நாளு உள்ள இருந்துட்டு வரட்டுமே. ஆராச்சும் ஒருத்தரு இருந்துதான ஆகோணும்?"

"பாக்கறேனுங்க."

"இதுல பாக்கறதுக்கு என்ன இருக்குது? கணக்கு நீ போட்டது. கணக்கு தப்புன்னா உன் தலையில வந்து விடியும், பாத்துக்க."

போன் நின்றது. வையாபுரியைக் கொடுமைக்காரர் என்று சொல்ல முடியாது. செங்கோடனின் உடலைக் கிணற்றிலிருந்து மேலே கொண்டுவந்தபோது தலையில் அடித்துக்கொண்டு அழுதவர் அவர். அழுது முடித்ததும் யாரோ ஒருவர் இருந்துதான் ஆக வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது, அவ்வளவுதான்.

வேதவல்லி மூன்று எழுத்தையும் அழித்தார். முக்கோணத்தை விட்டுவைத்தார். மேலே 'ந' என்று எழுதினார். கீழே 'வை'. பக்கத்தில் 'மா'.

"எதை மூடச் சொல்றாங்க?"

மாரப்பன் எழுந்து வந்து பார்த்தார். நடேசனின் எழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"மூடாதது?"

"வையாபுரி அண்ணன். நான்."

"ரெண்டும் சேந்து என்ன விடை சொல்லுது?"

"நடேசன்னு."

"வேற ஏதாவது சொல்லுமா?"

"சொல்லாதுங்க."

அவர் விரலை எடுத்தார். 'ந' மங்கிப்போயிருந்தது. இந்தத் தடவை வேதவல்லி அதை மறுபடி எழுதவில்லை. மாரப்பன் அந்த மங்கிய எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சடாரென்று 'மா'வின் மேல் விரலை வைத்து, நகம் வெளுக்கிற அளவு அழுத்தினார்.

"அப்ப இதுதானுங்க விடை. நாந்தான். போயி எல்லாம் என் தப்புன்னு எழுதிக் குடுத்துடறேன். அவனை விட்டுருவாங்க. நான் உள்ள போறேன்."

கண்ணில் தண்ணீர் வழிந்தது. அவர் நடிக்கவில்லை. அந்த நிமிஷம் யாராவது வந்து கூப்பிட்டிருந்தால் செருப்பைக்கூட மாட்டாமல் ஜெயிலுக்கு நடந்திருப்பார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.  ஆனாலும் வேதவல்லி விடுவதாக இல்லை.

"இப்ப மூடாதது யாரு?"

"நடேசன். வையாபுரி அண்ணன்."

"வையாபுரி என்ன சொல்வார்?"

மாரப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நமக்கென்ன தெரியும், டிப்ளமா படிச்சவரு சொன்னாரு, நம்பிப் போட்டோம்னு சொல்லுவாருங்க."

"அப்புறம் அந்தப் பெரிய பக்கெட் என்ன ஆகும்?"

"அடுத்த கிணத்துக்குப் போகும்."

"எந்த ரோப்புல?"

"கெடைக்கிற ரோப்புல."

"எத்தனை மடங்கு?"

 மாரப்பனுக்குக் கோபம் வந்தது. நல்ல மனிதர்களுக்கும் அப்படித்தான் வரும்.

"எனக்கு இந்த மூடுற வித்தையைச் சொல்லிக் குடுத்தது ஆருங்க, மேடம்? தெரியாததை மூடு, மூடாதது விடை சொல்லும்னு நீங்கதான சொன்னீங்க? மூணுல எதை வேணும்னாலும் மூடலாம்னு சொன்னீங்களே, மடங்கை மட்டும் மூடிப்போடாதேன்னு ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கறீங்களா?"

சொன்ன மறுகணமே அவருக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆசிரியையிடம் அவர் குரலை உயர்த்திப் பேசியது அதுதான் முதல் தடவை.

வேதவல்லி யோசித்துப் பார்த்தார். எத்தனையோ வருஷமாக எத்தனையோ பேருக்கு எடுத்த பாடம். ஒவ்வொரு வகுப்பிலும் முக்கோணத்தை வரைந்த கையோடு மணி அடித்துவிடும்.

"இல்லை. சொல்லல" என்றார்.

சாக்பீஸை எடுத்தார். 'மா'வுக்குப் பக்கத்தில் 'வே' என்று எழுதினார். உள்ளே இடம் போதாமல் எழுத்து முக்கோணத்தின் கோட்டைத் தாண்டி வெளியே போனது.

"ஐயோ மேடம், நான் ஏதோ கோவத்துல…"

"இருக்கட்டும்."

மாரப்பன் பலகையைப் பார்த்தார். மங்கிய 'ந'. அதன் கீழே 'வை'. தான் அழுத்தித் தேய்த்ததில் பாதி போன 'மா'. கோட்டுக்கு வெளியே 'வே'. பார்த்துக்கொண்டே இருந்தவர், ஆசிரியையின் கையிலிருந்து சாக்பீஸைக் கேட்டு வாங்கினார். முதலில் 'ந'வை மறுபடி எழுதினார். அடுத்து 'மா'வை மறுபடி எழுதினார். பிறகு குனிந்து, முக்கோணத்துக்கு வெகு கீழே, பலகையின் விளிம்பை ஒட்டி 'செ' என்று எழுதினார்.

நிமிர்ந்தபோது பழக்கத்தில் அவருடைய கட்டைவிரல் மறுபடியும் பலகைக்குப் போயிருந்தது. எந்த எழுத்தின் மேல் வைப்பது என்று தெரியாமல் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு நகர்ந்தது.

"விரலை எடுங்க, மாரப்பன்."

"எடுத்தா விடை வராதுங்களே, மேடம். ஸ்டேஷன்ல ஒரே ஒரு பேருதான கேக்கறாங்க?"

"வராது" என்றார் வேதவல்லி. "எல்லாரும் தெரிவாங்க."